கொடையா, கூலியா, கடமையா?

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே ஏறத்தாழ 18 கிலோ மீட்டர் தொலைவில் உள்ள முக்கொம்பில், அகண்ட காவிரி இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரி என்ற தாய்ப்பெயரையே தாங்கிச் செல்கிறது. வடகிளை கொள்ளிடம் என்று வேறு பெயர் பெறுகிறது. நடுவே திருவரங்கம் தீவாகக் கிடக்கிறது. நீர் ஒன்றுதான். ஆனால் எந்தக் கிளையில் விழுகிறதோ அதற்கேற்ப அதன் பெயரும் பயனும் மாறிவிடுகின்றன. காவிரியில் விழுந்தால் வயலுக்குப் போகும். கொள்ளிடத்தில் விழுந்தால் பெரும்பாலும் வெள்ளநீராய்க் கடலுக்குப் போகும். கொள்ளிடத்தின் படுகை அகன்றது, தாழ்ந்தது. தடுப்பார் இல்லாத காலத்தில் நீரெல்லாம் அந்தப் பக்கமே சாய, காவிரியில் மணல் மேடிட்டுத் தஞ்சைத் தரணி தண்ணீருக்கு ஏங்கியது. அதை நேர்செய்யவே சர் ஆர்தர் காட்டன் 1836ஆம் ஆண்டில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார்.

பிள்ளைகளின் சம்பாத்தியத்திலிருந்து பெற்றோரின் கைக்கு வரும் பணமும் இந்த நீரைப் போன்றதுதான். பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் மாதந்தோறும் வரும் ஒரு தொகையைக் கொடை என்று சொல்லலாம். கூலி என்றும் சொல்லலாம். கடமை என்றும் சொல்லலாம். சொல்லும் பெயருக்கேற்ப வருமான வரிச் சட்டம் ஒரு வழியில் நடத்துகிறது. உறவினர் வேறொரு வழியில் பேசுகின்றனர். மனச்சான்று மூன்றாவதாக ஒரு கேள்வியை எழுப்புகிறது. இம்மூன்றையும் ஒருசேர வைத்துப் பார்க்க வேண்டிய நிலை எங்கள் வீட்டிலேயே ஏற்பட்டதால், அறிந்தவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

வங்கிக் குறிப்பில் வந்த ஒரு சொல்

நாங்கள் இருவரும் ஜீயபுரத்தை அடுத்த ஆற்றங்கரை ஊர் ஒன்றில் வாழ்கிறோம். எங்களில் ஒருவர் பள்ளி ஆசிரியராய் இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர் நாற்பது ஆண்டுகளாக வீட்டைப் பார்த்துக்கொண்டு வருபவர்; ஆதலால் இன்னும் ஓய்வு பெறாதவர். மகளும் மருமகனும் அதே தெருவில் குடியிருக்கின்றனர். இருவரும் திருச்சியில் வேலைக்குச் செல்கின்றனர். மகளின் பேறுகால விடுப்பு முடிந்த நாளிலிருந்து, காலை ஏழே முக்காலுக்குப் பேத்தி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். மாலை ஆறரைக்குத் திரும்புவாள். ஐம்பது பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்ற விதி 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே வந்தது. மகளின் அலுவலகத்தில் அத்தனை பேர் இல்லை. எனவே காப்பகம் எங்கள் வீட்டுத் திண்ணைதான்.

சில மாதங்கள் கழித்து, எங்கள் ஓய்வூதியக் கணக்கில் மாதந்தோறும் பத்தாயிரம் ரூபாய் வந்து விழத் தொடங்கியது. குறிப்புப் பகுதியில் மகள், 'பேபி கேர் சாலரி' என்று எழுதியிருந்தாள். ஆசிரியராய் இருந்தவருக்கு அந்தச் சொல் முள்ளாய்த் தைத்தது. பேத்தியைத் தூக்கி வைத்துக்கொள்வதற்குச் சம்பளமா? அதுவும் பெண் கொடுத்த வீட்டிலிருந்தா? மகள் வீட்டுக் காசு கைநீட்டி வாங்கத் தகாதது என்று கேட்டே வளர்ந்த தலைமுறை நாங்கள்.

மகள் சொன்ன விடை எளிமையானது: "வேற யாராவது பார்த்தா கொடுக்க மாட்டோமா அப்பா? நீங்க பார்க்கிறதாலயே அந்த உழைப்பு இலவசமாகிடுமா?"

ஓய்வு பெறாதவர் சொன்னதுதான் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது: "நாற்பது வருசத்துல எனக்குன்னு யாரும் சம்பளம்னு எழுதினதில்ல. எழுதட்டுமே."

இந்த உரையாடலைக் கேட்டுக்கொண்டிருந்த, வரிக்கணக்கு எழுதும் நண்பர் ஒருவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "சார், மகள் பெற்றோருக்குப் பணம் அனுப்பினால் அது கொடை. வேலைக்கு வைத்துச் சம்பளம் கொடுத்தால் அது வருமானம். குறிப்பில் என்ன எழுதினார்கள் என்பது மட்டும் முடிவு செய்யாது. உண்மையில் என்ன ஏற்பாடு என்பதைத்தான் பார்ப்பார்கள். ஆனால் கொடை என்றால் கொடை என்றே எழுதுவது நல்லது."

கொடை என்னும் கிளை

கொடையைப் பற்றி நமது நாட்டுச் சட்டம் பலமுறை மனம் மாறியிருக்கிறது. 1958ஆம் ஆண்டுக் கொடை வரிச் சட்டத்தின்படி, கொடுத்தவர் வரி கட்ட வேண்டியிருந்தது. 1998 அக்டோபர் முதல் அந்த வரி நீக்கப்பட்டது. பின்னர் 2004 செப்டம்பர் முதல், உறவினர் அல்லாதவரிடமிருந்து 25,000 ரூபாய்க்கு மேல் பெறும் பணம் பெற்றவரின் வருமானமாகக் கொள்ளப்பட்டது. 2006இல் அந்த வரம்பு 50,000 ஆயிற்று. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில், 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது; பிரிவு எண்கள் மாறினாலும் இந்தக் கொள்கை மாறவில்லை.

இந்த வரம்பு உறவினருக்குள் நடைபெறும் கொடைக்கு இல்லை. மகனோ, மகளோ, மருமகனோ, மருமகளோ பெற்றோருக்கு எவ்வளவு கொடுத்தாலும் அது பெற்றோரின் வருமானம் ஆகாது. கொடுத்தவருக்கும் அதற்காக வரிச்சலுகை இல்லை. அவர் தம் வருமானத்துக்கு வரி செலுத்திய பிறகுதான் கொடுக்கிறார். ஆகவே மாதம் பத்தாயிரம், ஆண்டுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம், கொடையாக வருமானால் எங்கள் வரிக்கணக்கில் அதற்கு இடமே இல்லை.

ஆனால் 'உறவினர்' என்று சட்டம் யாரைச் சொல்கிறது? இதில்தான் நமது குடும்பங்கள் கவனிக்க வேண்டிய ஒரு வேடிக்கை ஒளிந்திருக்கிறது. திருமணம் செய்துகொள்ளாமல் தங்கையின் வீட்டிலோ அண்ணனின் வீட்டிலோ இருந்து, அவர்களுடைய பிள்ளைகளையும் பிறகு பேரப்பிள்ளைகளையும் வளர்த்தெடுக்கும் பெரியம்மாவும் அத்தையும் நம் பங்குகளில் எத்தனை பேர்! பெரியம்மா தம் தங்கை மகளுக்கு ஒரு லட்சம் கொடுத்தால் அது உறவினர் கொடை, வரியில்லை. ஏனெனில் பெறுபவரின் பெற்றோருடைய உடன்பிறந்தவர் உறவினர் பட்டியலில் இருக்கிறார். அதே தங்கை மகள், தன் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பெரியம்மாவுக்கு மாதம் ஐயாயிரம் கொடுத்தால், ஆண்டு முடிவில் அறுபதாயிரம் ஆகிறது. உடன்பிறந்தவரின் பிள்ளைகள் அந்தப் பட்டியலில் இல்லை. எனவே ஐம்பதாயிரத்தைத் தாண்டிய அந்த அறுபதாயிரமும் முழுமையாகப் பெரியம்மாவின் வருமானத்தில் சேர்கிறது. மேலிருந்து கீழே வரும் அன்பைச் சட்டம் உறவு என்கிறது. கீழிருந்து மேலே செல்லும் நன்றிக்கடனை அயலார் கொடை என்கிறது. பெரும்பாலான பெரியம்மாக்களுக்கு வரி கட்டும் அளவுக்கு வருமானம் இராது என்பது உண்மையே. ஆயினும், வளர்த்தவர் யார் என்பது சட்டத்தின் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதும் உண்மையே.

கூலி என்னும் கிளை

இனி, உண்மையிலேயே ஒப்பந்தம் செய்துகொண்டு, இத்தனை மணிநேரத்துக்கு இவ்வளவு என்று பாட்டிக்குச் சம்பளம் கொடுத்தால் என்ன ஆகும்? அது அவருடைய வருமானம். ஓய்வூதியம், வைப்புத்தொகை வட்டி, வீட்டு வாடகை ஆகியவற்றோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். கொடுக்கும் மகளுக்கோ ஒரு ரூபாய் கூடக் கழிவு கிடையாது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவை வருமானத்திலிருந்து கழிக்கும் பொதுவான ஏற்பாடு நமது நாட்டில் இல்லை.

ஆனால் ஒரு சிறு விலக்கு உண்டு. பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுப்பவர்கள், ஒன்றரை லட்சம் ரூபாய் என்ற மொத்த வரம்புக்குள், இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கற்பித்தல் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளலாம். விளையாட்டுப் பள்ளியும் மழலையர் வகுப்பும் அதில் அடங்கும் என்று வரித்துறையின் சுற்றறிக்கைகள் விளக்கியுள்ளன. ஆக, இரண்டரை வயதுக் குழந்தைக்கு வண்ணப் பந்து காட்டிப் பாட்டுச் சொல்லித்தரும் பள்ளிக்குக் கொடுத்தால் சலுகை; அதே குழந்தைக்கு முருங்கைக்கீரைச் சோறு ஊட்டி, காக்கை காட்டி, சிலுவை அடையாளம் போடக் கற்றுத்தரும் பாட்டிக்குக் கொடுத்தால் சலுகை இல்லை.

இந்த இடத்தில் ஒரு சபலம் தலைகாட்டுகிறது. கடை வைத்திருக்கும் சிலர், வீட்டில் பேரனைப் பார்த்துக்கொள்ளும் தாயைக் கடை ஊழியர் என்று பேரேட்டில் எழுதி, அவருடைய 'சம்பளத்தை' வியாபாரச் செலவாகக் காட்டுகின்றனர். தாய் உண்மையிலேயே கல்லாவில் அமர்ந்தால், அந்த வேலைக்குத் தக்க ஊதியம் கொடுப்பதில் தவறில்லை. உறவினருக்கு மிகையாகக் கொடுத்தால் மிகையான பகுதியை ஏற்க மறுக்கும் அதிகாரமும் அலுவலருக்கு உண்டு. ஆனால் குழந்தை வளர்ப்பு சொந்தச் செலவே. வியாபாரச் செலவு அன்று. தாயின் பெயரை ஒரு பொய்க்குக் கையெழுத்தாக்குவது வரி ஏய்ப்பு மட்டுமன்று. அவர் செய்யும் உண்மையான வேலையை மறைத்து, செய்யாத வேலைக்கு அவரைச் சான்றாக்கும் அவமதிப்பும் ஆகும்.

யாருடைய பெயரில்?

எங்கள் நண்பர் இன்னொன்றையும் சொன்னார். பெரும்பாலான வீடுகளைப் போலவே எங்கள் வீட்டிலும் பணம் ஓய்வூதியக் கணக்கில்தான், அதாவது தாத்தாவின் கணக்கில்தான் விழுந்துகொண்டிருந்தது. குழந்தையைக் குளிப்பாட்டுபவர் ஒருவர். பணம் பெறுபவர் ஒருவர். அந்தப் பணத்தைத் தாத்தா பாட்டிக்குக் கொடுத்து, பாட்டி அதை வைப்புநிதியில் போட்டு, அதற்கு வட்டி வந்தால், அந்த வட்டி தாத்தாவின் வருமானத்தோடு சேர்க்கப்படும். கணவன் மனைவிக்குக் கொடுத்த பணத்தின் விளைச்சலைக் கொடுத்தவர் கணக்கிலேயே சேர்ப்பது நெடுங்கால விதி. மாமனார் மாமியார் மருமகளுக்குக் கொடுக்கும் பணத்துக்கும் அவ்விதி உண்டு. ஆனால் மகள் நேராகத் தாயின் கணக்குக்கு அனுப்பினால், பணமும் தாயுடையது, வட்டியும் தாயுடையது.

இந்துக்களின் கூட்டுக் குடும்பத்தைத் தனியொரு வரி செலுத்துநராகச் சட்டம் ஏற்கிறது. கிறித்தவர்களாகிய நமக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. ஒரே அடுப்பில் சமைத்து ஒரே செபமாலை சொன்னாலும், சட்டத்தின் முன் நம் வீட்டில் ஒவ்வொருவரும் தனித்தனிப் பணப்பை. எனவே எந்தப் பணம் எவருடையது என்று தெளிவாக வைத்துக்கொள்வது, அன்பில்லாமையின் அடையாளம் அன்று, ஒழுங்கின் அடையாளம்.

வரியா வலிப்பது?

இவ்வளவும் சொன்ன பிறகு ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். 2025-26 நிதியாண்டு முதல், புதிய வரிமுறையில் பொதுவான வருமானம் பன்னிரண்டு லட்சம் ரூபாய்வரை உள்ளவர்களுக்குத் தள்ளுபடியால் வரி ஏதும் இல்லை. நம்மில் மிகப் பெரும்பாலான தாத்தா பாட்டிமாருக்குக் கொடை என்றாலும் கூலி என்றாலும் கட்ட வேண்டிய வரி சுழிதான். அப்படியானால் இந்தப் பெயரைப் பற்றி ஏன் இவ்வளவு பேச வேண்டும்?

பெயரோடு ஒரு மதிப்பும் வருகிறது என்பதால்தான். பாட்டியின் உழைப்புக்கு விலை என்ன என்று நமது உச்ச நீதிமன்றமே ஒருமுறை கணக்கிட நேர்ந்தது. 1989 மார்ச்சில் ஜாம்ஷெட்பூரில் நிறுவனர் நாள் விழாவொன்றில் நேர்ந்த தீவிபத்தில் பெண்களும் குழந்தைகளும் பலர் மாண்டனர். இழப்பீட்டைத் தீர்மானிக்கையில், சம்பளம் வாங்காத பெண்களின் பணியை எப்படி அளப்பது என்ற கேள்வி எழுந்தது. 2001இல் லதா வாத்வா வழக்கின் தீர்ப்பில், 34 முதல் 59 வயது வரையிலான இல்லத்தரசியரின் பணி மாதம் 3,000 ரூபாய் என்றும், 62 முதல் 72 வயது வரையிலான மூதாட்டியரின் பணி ஆண்டுக்கு 20,000 ரூபாய் என்றும் வைக்கப்பட்டது. அதற்கு முன் மூதாட்டியருக்கு அதில் பாதிதான் கணக்கிடப்பட்டிருந்தது. ஒரு பாட்டியின் உழைப்பு விலைமதிப்புப் பெறுவதற்கு அவர் இறக்க வேண்டியிருந்தது என்பதுதான் இந்தத் தீர்ப்பில் நம்மைச் சுடுவது.

உயிரோடு இருக்கும்போது அந்த உழைப்பு எங்கே எழுதப்படுகிறது? நடுவண் அரசு 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டிலுள்ளோரைப் பேணும் ஊதியமற்ற பணியில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 134 நிமிடங்களையும், ஆண்கள் 76 நிமிடங்களையும் அதற்குச் செலவிட்டனர். சமையலும் துவைப்பும் இதில் சேரவில்லை. 'எழுதட்டுமே' என்று எங்களில் ஒருவர் சொன்னதன் பொருள் இந்த எண்களைப் பார்த்தபோது இன்னும் துலங்கியது. அவர் கேட்டது பணத்தை அன்று, பதிவை.

பிற நாடுகளில்

இந்தப் பதிவைச் சில நாடுகள் வெவ்வேறு வழிகளில் செய்கின்றன. திருச்சியிலிருந்து பறந்து சென்றால் சில மணிநேரத்தில் அடையும் சிங்கப்பூரில், வேலைக்குச் செல்லும் தாய் ஒருவரின் பிள்ளையைத் தாத்தாவோ பாட்டியோ பார்த்துக்கொண்டால், தாயின் வரிக்குரிய வருமானத்தில் 3,000 வெள்ளி கழிக்கப்படுகிறது. பிள்ளை சிங்கப்பூர்க் குடியுரிமை உடையதாகவும் 12 வயதுக்கு உட்பட்டதாகவும் இருத்தல் முதலிய நிபந்தனைகள் உண்டு. பாட்டிக்குப் பணம் கொடுத்ததாக மெய்ப்பிக்கத் தேவையில்லை. பாட்டி பார்த்துக்கொள்கிறார் என்பதே போதும். ஆனால் சலுகை தாய்க்கே செல்கிறது.

பிரிட்டனில் 2011 முதல், 12 வயதுக்கு உட்பட்ட பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும், இன்னும் ஓய்வூதிய வயதை எட்டாத பாட்டி தாத்தாவுக்கு, அவர்களுடைய எதிர்கால அரசு ஓய்வூதியக் கணக்கில் அந்த ஆண்டுகள் வரவு வைக்கப்படுகின்றன. கையில் பணம் இல்லை. ஆனால் வீட்டில் கழிந்த ஆண்டு வீணான ஆண்டு அன்று என்று அரசு எழுதி வைக்கிறது. சுவீடனிலோ 2024 ஜூலை முதல், பெற்றோர் தமக்குரிய ஊதியத்துடன் கூடிய குழந்தை வளர்ப்பு விடுப்பில் 45 நாள்கள் வரை பிறருக்கு மாற்றித் தரலாம். தாத்தா பாட்டியும் அதைப் பெறலாம்.

அமெரிக்காவிலுள்ள பிள்ளைகளின் மகப்பேற்றுக்குச் செல்லும் நம் ஊர்ப் பெற்றோரின் நிலை வேறு. வருகையாளர் விசாவில் செல்பவர் அங்கே ஊதியத்துக்கு வேலை செய்யக் கூடாது. பேரனைத் தாலாட்டுவதை யாரும் தடுப்பதில்லை. அதற்குச் சம்பளம் என்று பெயர் சூட்டினால்தான் சிக்கல். அன்பு என்றால் அனுமதி, கூலி என்றால் குற்றம்! பெயர் எவ்வளவு பெரிய செய்தி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மூன்றாவது கிளை

கொடையும் கூலியும் மட்டுமே வழிகள் என்றால் நமக்கு இரண்டிலும் முழு நிறைவு இல்லை. கொடை என்றால், கொடுப்பவரின் மனம் மாறும் நாளில் நின்றுவிடும். கேட்க உரிமை இல்லை. கூலி என்றால், வேலை முடியும் நாளில் நின்றுவிடும். பேத்தி பள்ளிக்குச் சென்றதும் பாட்டி வேலை இழந்தவர் ஆகிவிடுவார். முழங்கால் தேய்ந்தது எந்தப் பேரேட்டிலும் இராது.

மூன்றாவதாகக் கடமை என்று ஒன்று இருக்கிறது. தம்மைத் தாமே பேணிக்கொள்ள இயலாத பெற்றோரைப் பேணுவது மணமான மகளுக்கும் உரிய பொறுப்பு என்று 1987ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'மகள் வீட்டுக் காசு' என்று கூசும் எங்களைப் போன்றோர் அறிந்திருக்க வேண்டிய தீர்ப்பு அது. 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்புச் சட்டம் உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றைப் பராமரிப்பு என்று வரையறுத்து, அதைக் கேட்டுப் பெறத் தீர்ப்பாயங்களையும் அமைத்தது. ஓய்வூதியம் போன்று போதிய வருவாய் உள்ளவர்கள் அந்தக் கதவைத் தட்டுவதற்கில்லை. தட்ட நேராதிருப்பதே நல்லது. ஆயினும், பெற்றோருக்குச் செய்வது பிச்சையும் அன்று, பேரமும் அன்று என்று சட்டமே சொல்வது நமக்குத் தெம்பு.

சட்டம் கைவிடும் இடமும் ஒன்று உண்டு. கிறித்தவர்களுக்குரிய 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயில் எழுதாமல் இறந்த ஒருவருக்கு வாழ்க்கைத் துணையும் பிள்ளைகளும் இருந்தால், துணைக்கு மூன்றில் ஒரு பங்கு. பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. பெற்றோருக்கு ஒன்றுமில்லை. மகன் வீட்டில் பத்தாண்டு பேரனை வளர்த்த தாய், மகனைத் திடீரென்று இழந்தால், மருமகளுக்கும் அவர் வளர்த்த பேரனுக்குமே எல்லாப் பங்கும் போகும். அவருக்கு மருந்து வாங்கவும் உரிமையாய் எதுவும் வராது. பெற்றோரிடம் பிள்ளையை விட்டு வேலைக்குச் செல்லும் இளையவர்கள், ஓர் உயில் எழுதி அதில் அவர்களுக்கென ஒரு வரி சேர்ப்பது பெரிய வேலை இல்லை.

திருவிவிலியம் இந்த மூன்று கிளைகளையும் அறிந்திருக்கிறது. விடுதலைப் பயண நூலில், நைல் நதியிலிருந்து எடுக்கப்பட்ட குழந்தைக்குப் பாலூட்ட ஒரு பெண்ணைத் தேடுகிறாள் பார்வோனின் மகள். அழைத்து வரப்படுபவள் குழந்தையின் சொந்தத் தாய். கூலி பேசப்படுகிறது. தாய் அதைப் பெற்றுக்கொண்டு தன் மகன் மோசேயைத் தானே வளர்க்கிறாள் (விப 2:7-9). கூலி வாங்கியதால் அவள் தாயல்லாமல் போகவில்லை, பாலும் குறையவில்லை. எனவே பெயரைக் கண்டு வெட்கப்படத் தேவையில்லை.

ஆனால் பெயரை வைத்துக் கடமையைக் கழித்துவிடவும் முடியாது. பெற்றோருக்கு உதவ வேண்டிய பொருளைக் 'கொர்பான்', அதாவது கடவுளுக்குரிய காணிக்கை என்று சொல்லிவிட்டு, அவர்களுக்கு எதுவும் செய்யாமல் தப்பித்துக்கொண்டவர்களை இயேசு கடிந்துகொண்டார் (மாற் 7:9-13). அங்கே காணிக்கை என்ற புனிதமான பெயரே தப்பிக்கும் வழியாயிற்று. இன்று, "உங்களுக்குத்தான் மாதாமாதம் கொடுத்தாயிற்றே" என்று சொல்லி, கண்புரை அறுவைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வீடுகளில் சம்பளம் என்ற சொல்லே கொர்பான் ஆகிறது. "பாட்டிதானே, அன்பால் பார்க்கிறார்" என்று சொல்லி, பேருந்துக் கட்டணம் கூடக் கொடுக்காத வீடுகளில் அன்பு என்ற சொல்லே கொர்பான் ஆகிறது.

நாங்கள் பேசி முடித்தவை

எங்கள் வீட்டில் ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின் நால்வரும் அமர்ந்து பேசினோம். பணம் இனிப் பாட்டியின் பெயரிலுள்ள கணக்குக்கே நேராக வரும். குறிப்பில் 'அம்மாவுக்கு' என்று மட்டும் எழுதப்படும். ஞாயிற்றுக்கிழமைகளும், வேளாங்கண்ணித் திருவிழாவுக்குச் செல்லும் நாள்களும் எங்களுடையவை. அந்நாள்களில் மகளோ மருமகனோ விடுப்பு எடுப்பர். மருத்துவச் செலவு இந்தப் பத்தாயிரத்தில் சேராது. கடைசியாக, பேத்தி பள்ளிக்குச் சென்ற பிறகும் இந்தத் தொகை நிற்காது, குறையலாம், நிற்காது.

கடைசி விதியைச் சொன்னவர் மருமகன். கொடையும் கூலியும் கடமையும் பிரியும் இடம் அதுதான் என்று நாங்கள் நினைக்கிறோம். தேவை தீர்ந்த பிறகும் வருவது எதுவோ அதுவே கடமை. வரிக்கணக்கில் இன்றும் அது கொடை என்றே இருக்கும். அதில் பொய்யில்லை, ஏனெனில் எங்களுக்குள் வேலை ஒப்பந்தம் எதுவும் இல்லை. பெற்றவரின் கையில் அது தன் உழைப்பை ஒருவர் கண்டுகொண்டார் என்பதற்கான சான்று. கொடுப்பவரின் மனத்தில் அது கடமை. ஒரே நீர், மூன்று பெயர்.

அணை ஒருமுறை கட்டினால் போதும் என்பதும் இல்லை. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில், 182 ஆண்டுகள் நின்ற மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் இடிந்து போயின; பிறகு புதிய கதவணை கட்ட வேண்டியதாயிற்று. குடும்பங்களின் பழைய அளவுகளும் அப்படித்தான். பெண்கள் வேலைக்குச் செல்லாத காலத்தில், பெற்றோர் கேட்காமலே எல்லாம் நடந்த காலத்தில் வகுத்த மதகுகள், இன்றைய வெள்ளத்தைத் தாங்கா. இடிந்த பின் அழுவதைவிட, வெள்ளம் வருமுன் உட்கார்ந்து பேசுவது எளிது.

பேரக்குழந்தையைத் தாத்தா பாட்டியிடம் விட்டுச் செல்லும் அன்பர்களே, இந்த மாதம் வீட்டில் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்குங்கள். எவ்வளவு, யாருடைய கணக்கில், எந்தப் பெயரில், எந்த நாள்களில் ஓய்வு, பிள்ளை வளர்ந்த பின் என்ன என்று ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். முதல் நான்குக்கும் விடை கிடைத்துவிடும். ஐந்தாவதற்கு வீடு என்ன விடை சொல்கிறது என்பதைப் பொறுத்தே, அங்கே இருப்பவர் பாட்டியா பணியாளா என்பது தெரியும்.